குளியல் தொட்டியில் நாற்பத்து மூன்று

மருத்துவமனைச் சலவையறையில் இரவு வேலை முடித்து
விடிகாலையில் வந்தால்
குளிக்க இடமில்லை.
தொட்டி நிறைய ரம்பங்கள்.
மஞ்சள் பிளாஸ்டிக் பிடிகளை மேலே தூக்கிக்கொண்டு
வாத்துகள் மாதிரி.
எண்ணினேன். நாற்பத்து மூன்று.

"வினிகர்," என்றாள் இஷ்பெல், தூக்கத்திலேயே.
"துரு போகட்டும். நாளைக்குக் குளி."

டண்டீயில் இந்த வருடம்
ஆற்றோரம் முழுக்கச் சாரம் கட்டி நிற்கிறது.
ஒவ்வொரு குப்பைப் பெட்டியிலும்
பிளைவுட் துண்டுக்கும் நசுங்கிய டீக் கோப்பைக்கும் நடுவே
ஒரு ரம்பமாவது கிடக்கும்.
விலை ஒரு பொட்டலம் பொரித்த மீன்.
மழுங்கினால் வீசு, வேறு வாங்கு.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்,
நாவல்பழம் தின்ற வாய் போல
பல் நுனியெல்லாம் நீலம்.
ஒரு நொடி சுட்டு ஒரு நொடி குளிரவைத்ததில் வந்த திமிர்.
அரம் வைத்தால் வழுக்கும்.
கீச்சென்று கத்தி
அரம்தான் தேயும்.
தகட்டிலேயே அச்சடித்து விற்கிறார்கள்:
மறுபடி கூர்தீட்ட வேண்டாம்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
பார்க்கலாம் என்று இவள்
பல்லைத்தான் முதலில் எடுக்கிறாள்.

பின்முற்றத்தில், துணிக்கொடிக் கம்பங்களுக்கு நடுவே,
வெட்டும் எந்திரம் அலறுகிறது.
சூடேறினால் எஃகு செத்துவிடுமாம்;
கீழ்வீட்டு டூகல்ட் கெடஸ் கெட்டிலோடு நின்று
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்.
விட்டபடியே
வடகடலில் எண்ணெய் மேடையில் இருந்த கதையைத் தொடங்குகிறார்.
அவர் போடும் ரம்பத்துக்கு
இந்த நாற்பத்து மூன்றும் ஈடாகாது.
இவள் காதில் அடைப்பான்.
அது அவருக்கும் தெரியும்.
நிறுத்தவில்லை.

நீலப் பற்கள் நாடாவாகக் கழன்று விழுகின்றன.
மிச்சம், அலட்டாத நல்ல எஃகு.
அதைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி,
விளிம்பை அரத்தால் நேராக்கி,
கல்லில் தேய்த்து,
உருண்டைக் கம்பியால் ஒரே அழுத்து.
விளிம்பு மடிந்து கொக்கியாகிறது.
கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரியும்.
மேப்பிள் பலகைமேல் ஓட்டிக் காட்டினாள்:
வெங்காயச் சருகைவிட மெலிசாக
மரம் சுருண்டு வந்தது.
தூள் இல்லை. சத்தமும் இல்லை.

வயலின் செய்கிற ஒருத்தி ஆறு வாங்கிப்போனாள்.
ரொட்டிக் கடை டைவா மாவு வெட்ட ஒன்று கேட்டாள்.
அவளுக்குப் போன துண்டில்
அச்செழுத்து 'வேண்டாம்' மட்டும் மிஞ்சியிருந்தது.
தினமும் காலை நாலு மணிக்கு
மாவு அதை வாசிக்கிறது.
ரொட்டி உப்பத்தான் செய்கிறது.

பல் நாடாக்களை ஜன்னல் விளிம்பில் ஆணியடித்தோம்,
கடற்காகம் உட்காராமல் இருக்க.
உட்காருகிறது.
முதுகு சொறிந்துகொள்கிறது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, எந்திரம் ஓடும்போது,
ஏஜென்சியிலிருந்து செய்தி.
கரிபடிந்த விரலைக் காற்சட்டையில் துடைத்து
இரண்டு முறை படித்தாள்.
திங்கள் முதல் வரவேண்டாம்.
நன்றி என்றும் இருந்தது, ஒரு ஆச்சரியக்குறியோடு.

காது அடைப்பானைக் கழற்றினாள்.
கெடஸ் பேசிக்கொண்டே இருந்தார்:
"... அப்புறம் அந்த ஹெலிகாப்டர் ..."
"முதலிலிருந்து சொல்லுங்கள்," என்றாள்.
கெட்டில் ஒரு கணம் கோணலானது.
அவர் முதலிலிருந்து சொன்னார்.
தண்ணீர் சரியாக விழவில்லை;
அந்த ஒரு தகடு மட்டும்
சூடேறி, வளைந்து, வைக்கோல் நிறமாகிப் போனது.
கூர் நிற்காது என்றாள்.
அதையும் வீசவில்லை.

இரண்டாக மடக்கி
சமையலறை மேசையின் குட்டைக் காலுக்குக் கீழே செருகினாள்.
நாலு வருடம் ஆடிய மேசை.
வாடகை, மின்சாரம், அவளுக்கு வரவேண்டிய பாக்கி எல்லாம்
இன்று அதன்மேல் எழுதிக் கூட்டினேன்.
தொகை சரிவரவில்லை.
டீ சிந்தவில்லை.

தொட்டியில் இன்னும் பதினேழு.
நான் டைவா வீட்டில் குளித்துக்கொள்கிறேன்.